"எல்லாக் காவலோடும்" சரி, எப்படிக் காக்கிறது? வாலிபர் கூடுகைக்கு யோசனை வேணும்

பாகலூர்_ரோடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஓசூர்ல ஒரு சின்ன சபை எங்களுது. வாலிபர் கூட்டத்தை நான் பார்த்துக்கிறேன். வர்றவங்கள்ல முக்கால்வாசி சிப்காட் கம்பெனிப் பசங்க. அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சுட்டு வந்து, ஒரே ரூம்ல அஞ்சாறு பேரா தங்கி, வாரத்துக்கொரு ஷிஃப்ட்னு ஓடுற பிள்ளைங்க.

அடுத்த கூடுகைக்கு நீதிமொழிகள் 4:23 கொடுத்திருக்காங்க. "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்." இதை வச்சு ஒரு மணி நேரம் பேசறது பெரிய விஷயமில்ல. ஆனா ஒரு தம்பி முன்னாடியே வந்து கேட்டுட்டான்: "அண்ணா, காத்துக்கோ காத்துக்கோன்னு எல்லாரும் சொல்றீங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில ரூமுக்கு வர்றேன். மத்தவங்க டியூட்டிக்குப் போயிட்டாங்க. ஜன்னல்ல போர்வையைக் கட்டிட்டுப் படுத்தாலும் தூக்கம் வரல. கையில போன். அந்த நேரத்துல நான் என்ன பண்ணணும்? அதை மட்டும் சொல்லுங்க."

ஜெபம் பண்ணுப்பான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவன் ஜெபம் பண்ணாத பையன் இல்ல, அதனால முழுங்கிட்டேன். நடக்கிற காரியமா யாராவது சொல்லுங்க.

ஜீவ_தண்ணீர்

பிரதர், இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்", மத்தேயு 26:41. "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்", யாக்கோபு 4:7. இந்தக் காலத்து வாலிபர்கிட்ட ஜெப ஜீவியம் கிடையாது. வாரம் ஒரு நாள் உபவாசம் வைக்கச் சொல்லுங்க, தானா சரியாயிடும்.

சும்மா_வந்தேன்

ராத்திரி பூரா மெஷின்கிட்ட நின்னுட்டு வந்தவன் விழிச்சும் இருக்கணும், பட்டினியும் கிடக்கணுமா? முதல்ல அவனைத் தூங்க விடுங்க ஐயா.

கோவிலூர்_வாத்தியார்

நான் கத்தோலிக்கன், ரிட்டயர்டு ஆள். உங்க சபை வழக்கம் எனக்கு அவ்வளவா தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்க.

மேலே தம்பி கிண்டலா சொன்னாலும் விஷயம் அங்கதான் இருக்கு. நாலாம் நூற்றாண்டுல எகிப்து வனாந்தரத்துல எவாகிரியுஸ்னு ஒரு துறவி இருந்தார், 399-ல காலமானவர். துறவிகளை அலைக்கழிக்கிற எண்ணங்களை எட்டா பிரிச்சு எழுதி வச்சார். பெருந்தீனி, மோகம், பண ஆசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. பிற்பாடு பாப்பரசர் கிரகோரியார் அதை மாத்தி அமைச்சுத்தான் நாங்க ஞானோபதேசத்துல மனப்பாடம் பண்ணின தலையான பாவங்கள் ஏழு வந்துச்சு.

அந்த எட்டுல மோகத்தைவிட அவர் அதிகமா பயந்தது சலிப்பைப் பார்த்து. காலை பத்து மணி வாக்குல அது வரும், மதியம் ரெண்டு வரைக்கும் விடாதுன்னு மணிக்கணக்கோட எழுதுறார். சூரியன் நகராத மாதிரி தெரியும். துறவி ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்ப்பான், யாராவது வர்றாங்களான்னு. இருக்கிற இடம் பிடிக்காது, செய்யிற வேலை பிடிக்காது. உங்க பையன் சொன்ன நேரத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அன்னிக்கு ஜன்னல், இன்னிக்கு போன்.

தாவீது ராஜாவை எடுத்துக்கோங்க. பிரசங்கத்துல எல்லாரும் அவர் அடுத்தவன் மனைவி பத்சேபாள்கிட்ட தப்பு பண்ணின இடத்துக்கு நேரா போயிடுவாங்க. 2 சாமுவேல் 11 ஆரம்பிக்கிறதே வேற இடத்துல. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுற காலம், இவர் மட்டும் எருசலேம்ல தங்கிட்டார். சாயங்காலம் படுக்கையிலேர்ந்து எழுந்திருச்சு மாடியில உலாத்தினார். அந்தப் பெண் கண்ணுல படறதுக்கு முன்னாடியே பாதிக் கதை முடிஞ்சு போச்சு.

தளி_கொல்லைக்காரன்

படிச்சவங்க பேசற இடம். காவல்னு பேச்சு வந்ததால நானும் ஒண்ணு சொல்றேன்.

எங்க பக்கம் ராகி கதிர் முத்துற சமயத்துல பன்னேர்கட்டா பக்கத்துலேர்ந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காட்டுக்கு வந்துடும். ராத்திரியானா பரண் மேல ஏறி உட்கார்ந்துக்குவோம். டார்ச் லைட்டு, தகர டின்னு, பட்டாசு, ஒரு கம்பளி. யானை கொல்லைக்குள்ள கால் வச்சப்புறம் பட்டாசு வெடிச்சா நஷ்டம் நமக்குத்தான். அது மிரண்டு சுத்தறதுலயே தின்னதைவிட ஜாஸ்தி மிதிபட்டுப் போயிடும். காட்டு ஓரத்துல கிளை முறியிற சத்தம் கேட்குது பாருங்க, அப்பவே டின் தட்டணும். அது எந்தப் பள்ளத்து வழியா ஏறும்னு கொல்லைக்காரனுக்குத் தெரியும், வருஷா வருஷம் வர்ற வழிதானே.

அப்புறம், ஒத்தை ஆளா எவனும் காவலுக்குப் போக மாட்டான். நாலு கொல்லைக்காரன் நாலு பக்கம். ஒருத்தன் கண்ணசந்தா இன்னொருத்தன் குரல் கொடுப்பான். அந்தத் தம்பிக்குக் குரல் கொடுக்க காலையில ரூம்ல யாரு இருக்கிறா?

ஜீவ_தண்ணீர்

ஐயா, உங்க அனுபவம் பெருசு, மறுக்கல. ஆனா யானை வெளியிலேர்ந்து வருது. ஆண்டவர் மாற்கு 7:21-ல என்ன சொன்னார்? பொல்லாத சிந்தனை மனுஷனுடைய இருதயத்துக்குள்ளிருந்து புறப்பட்டு வரும்னு சொன்னார். "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது", எரேமியா 17:9. உள்ள இருக்கிறதுக்கு எந்தப் பக்கம் பரண் கட்டுவீங்க? இருதயம் மாறணும். அதைத் தேவன் மட்டும்தான் செய்வார். நேரம், போன், ஆள் துணைன்னு பேசறதெல்லாம் மாம்சத்தால மாம்சத்தை ஜெயிக்கப் பார்க்கிறது.

தளி_கொல்லைக்காரன்

நியாயம்தாங்க. ஆனா ராகி போடாத கொல்லைக்கு யானை வராது. உள்ள இருக்கிறதுதான் வெளியில இருக்கிறதைக் கூப்பிடுது.

சும்மா_வந்தேன்

அப்ப ராகியே போடக் கூடாதுங்கிறீங்களா 😀

கோவிலூர்_வாத்தியார்

போடணும் தம்பி, களி வேணாமா? பசி, ஆசை, ஒரு பெண்ணோட வாழணும்ங்கிற ஏக்கம், இதெல்லாம் கடவுள் வச்சது. யாக்கோபு 1:14 குறை சொல்றது ஆசை இருக்கிறதை இல்ல. அவனவன் தன் சுய இச்சையால இழுக்கப்பட்டு சிக்குண்டு போறதைத்தான் சொல்றார். இழுக்கப்படறது, சிக்கறது, அப்புறம் இச்சை கர்ப்பம் தரிக்கிறது, அப்புறம் பாவம் பிறக்கிறது, கடைசியில மரணம். ஒரே ராத்திரியில நடக்கிறதில்ல. நடுவுல எத்தனை படி இருக்கு பாருங்க. கொல்லைக்காரர் சொன்ன கிளை முறியிற சத்தம் முதல் படி.

ஜீவ தண்ணீர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இருதயத்தை மாத்தறது கடவுள்தான், சரி. ஆனா "காத்துக்கொள்"னு நீதிமொழி யார்கிட்ட சொல்லுது?

காவேரிப்பட்டணம்_சிஸ்டர்

ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன். ஆம்பளைங்க எல்லாரும் போனைப் பத்தியே பேசறீங்க. எங்க கதையைக் கொஞ்சம் கேளுங்க.

இருதயத்தைக் காக்கிறதைப் பத்தி பொண்ணுங்க கூட்டத்துல எங்களுக்குச் சொன்னது முழுக்க துப்பட்டாவைப் பத்தித்தான். பையன்க இடறிப் போகாம நாங்க எப்படி உட்காரணும், எப்படிச் சிரிக்கணும், கொயர்ல எந்த வரிசையில நிக்கணும். அதே சபையில பையன்க கூட்டத்துல கண்ணைப் பத்தி யாராவது பேசினாங்களான்னு என் தம்பியைக் கேட்டேன். இல்லன்னான். கிரிக்கெட் மேட்ச் ஏற்பாடு பண்ணினாங்களாம்.

யோபு 31:1-ல அவர் "என் கண்களோடே உடன்படிக்கைபண்ணின நான்"னு சொல்றார். ஊர்ப் பொண்ணுங்களோட உடன்படிக்கை பண்ணல. ஆண்டவரும் உன் கண் உனக்கு இடறல்னா உன் கண்ணைப் பிடுங்குன்னுதான் சொன்னார். பாகலூர் ரோடு அண்ணா, உங்க கூடுகையில இதைச் சொல்லுவீங்களா?

எங்களுக்குச் சோதனையே இல்லன்னும் நினைச்சுக்காதீங்க. ஒருத்தியோட கல்யாண ஃபோட்டோ ஸ்டேட்டஸ்ல வந்தா அன்னிக்கு முழுக்க வயிறு எரியும். அதைவிடப் பெரிசு, எங்க ஜெபக்குழுல நடக்கிறது. "சிஸ்டர், அந்த வீட்டுக்காரருக்காகக் கொஞ்சம் பாரத்தோட ஜெபிங்க"ன்னு ஆரம்பிக்கும். அப்புறம் ஏன் பாரம், எதுக்குப் பாரம், எத்தனை மணிக்கு அவர் வீட்டுக்கு வர்றார், கூட யாரு வந்தாங்கன்னு முழுக் கதையும் வரும். கடைசியில ஒரு நிமிஷம் கண்ணை மூடுவோம். புறணிக்கு ஜெபக்குறிப்புன்னு பேர் வச்சா அது பரிசுத்தமாயிடுமா?

பாகலூர்_ரோடு

சிஸ்டர், கட்டாயம் சொல்றேன். எங்க சபையிலயும் பையன்களுக்கு மேட்ச்தான் நடக்குது.

ஸ்டோர்_கீப்பர்

அந்த ஜெபக்குறிப்பு விஷயம் எங்க வீட்டம்மாவுக்குக் காட்டினேன். சிரிச்சாங்க, அப்புறம் சிரிக்கல.

நான் பேச வந்தது பணம். வாலிபர் கூடுகைன்னாலே மோகம் ஒண்ணுதான் பாவம்ங்கிற மாதிரி பேசறோம். சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பையனுக்கு அடுத்த வாசல் இதுதான். நான் ஸ்டோர்ஸ்ல இருந்தப்போ ஸ்கிராப் லாரி வரும். முதல்ல காலி எடை போடணும், லோடு ஏத்தினப்புறம் மறுபடி எடை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அவன் பணம் கட்டணும். காலி எடை போடும்போது கேபின்ல நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்க, பின்னாடி டிரம் நிறைய தண்ணி இருக்கும். லோடு எடைக்கு வரும்போது ஆளும் இருக்க மாட்டான், தண்ணியும் இருக்காது. அத்தனை கிலோ இரும்பு ஓசியில போச்சு.

என்கிட்ட அவன் திருடச் சொல்லவே இல்லீங்க. "சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்த அஞ்சு நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்க, போதும்"னான். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. சோதனை கொம்பும் வாலுமா வரும்னு நினைச்சுட்டு இருந்தா ஏமாந்துடுவோம். அது டீ குடிக்கக் கூப்பிடுது.

நான் எடைமேடையை விட்டு நகரல. கேபின்லேர்ந்து எல்லாரையும் இறக்கிட்டு, டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னேன். மூணு மாசத்துல எனக்கு வேற செக்‌ஷன், ஓவர்டைமும் கிடையாது. ஏன்னு கேட்டா நிர்வாக முடிவுன்னாங்க.

இதைப் பசங்ககிட்ட மறைக்காதீங்க. எஜமான் மனைவி பிடிச்சு இழுத்தப்போ யோசேப்பு வஸ்திரத்தை விட்டுட்டு ஓடினார், அடுத்து எங்க போனார்? ஜெயிலுக்கு. சோதனையை ஜெயிச்சா ஆசீர்வாதம்னு மட்டும் சொல்லி அனுப்பினா, முதல் அடி விழும்போதே பையன் விசுவாசத்தையே விட்டுடுவான்.

பர்கூர்_ஜவுளி

பணம்னு வந்ததால ஆன்லைன் ரம்மியையும் சேர்த்துக்கோங்க. எங்க கடைத்தெருவுல இதனால குடும்பமே ஆட்டம் கண்டதைப் பார்த்திருக்கேன். 2022-ல தமிழ்நாட்டுல அதைத் தடை பண்ணிச் சட்டம் போட்டாங்க. 2023 நவம்பர்ல ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அதைத் தடை பண்ண முடியாதுன்னு ஐகோர்ட் சொல்லிடுச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு.

நான் சொல்ல வர்றது அது இல்ல. நடுவுல தமிழ்நாடு அரசு ஒரு விதி போட்டுச்சே, ராத்திரி 12 மணிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் அந்த விளையாட்டுக்குள்ள யாரும் நுழையக் கூடாதுன்னு, ஞாபகம் இருக்கா? கம்பெனிக்காரங்க கேஸ் போட்டாங்க, ஐகோர்ட் விதி செல்லும்னுடுச்சு. மனுஷன் எந்த நேரத்துல புத்தி கெட்டுப் போவான்னு கவர்மென்ட் ஆபீஸருக்கே தெரிஞ்சிருக்கு. நாம மட்டும் அந்த நேரத்துல போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு "ஆண்டவரே காத்துக்கொள்ளும்"ங்கிறோம்.

நர்ஸ்_அக்கா_தர்மபுரி

அந்தத் தம்பிக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க.

மனசுல ஒண்ணு தோணிடுச்சுங்கிறதே பாவம் இல்ல. எபிரெயர் 4:15, நம்மைப்போல எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் அவர் பாவமில்லாதவர். சோதனையே பாவம்னா அந்த வசனத்துக்கு அர்த்தமே இல்ல. இதைத் தெரியாம, தோணின ஒவ்வொரு நினைப்புக்கும் நூறு தடவை மன்னிப்புக் கேட்டு, சாப்பிடாம, தூங்காம, கடைசியில டாக்டர்கிட்ட வந்த பிள்ளைங்களை டியூட்டியில பார்த்திருக்கேன். நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க, பக்தியான பிள்ளைங்க.

இன்னொண்ணு, நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியல, வேலை கெடுது, கடன் ஏறுது, சாகலாமான்னு தோணுதுன்னா அதை ஆவிக்குரிய குறைன்னு மட்டும் தள்ளி வைக்காதீங்க. 14416-க்குப் போன் பண்ணலாம், டெலி மானஸ்னு கவர்மென்ட் மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுட்டு ஜெபமும் பண்றோம்ல?

ஜீவ_தண்ணீர்

சிஸ்டர் சொன்னதை ஏத்துக்கிறேன். சாவு நினைப்பு வந்தா டாக்டர்தான் முதல்ல.

ஆனா வாத்தியார் ஐயா கேட்டதுக்குப் பதில் சொல்லணும். காக்க வேண்டியது நாமதான், எதை வச்சுன்னுதான் கேள்வி. வனாந்தரத்துல பிசாசு சோதிச்சப்போ ஆண்டவர் மூணு தடவை பதில் சொன்னார், மூணும் உபாகமத்துலேர்ந்து. 8:3, 6:16, 6:13. அவர் புதுசா ஒரு வார்த்தைகூடப் பேசல. ஏற்கெனவே உள்ள இருந்தது வெளியில வந்துச்சு. சோதனை நேரத்துல வேதத்தைத் திறந்து தேடிட்டு இருக்க முடியாது. சங்கீதம் 119:11, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்.

சும்மா_வந்தேன்

பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைத்தானே சொன்னான்? மனப்பாடம் அவனுக்கும் இருக்கு.

ஜீவ_தண்ணீர்

அடேயப்பா, நீங்க சும்மா வந்த ஆள் மாதிரி தெரியலையே. ஆமா, சொன்னான். வசனம் தெரிஞ்சா மட்டும் போதாது. அதான் யாக்கோபு 4:7 "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்"னு ஆரம்பிக்குது. என்னையும் சேர்த்து எல்லாரும் ரெண்டாவது பாதியைத்தான் சொல்றோம்.

கோவிலூர்_வாத்தியார்

கொல்லைக்காரர் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. குரல் கொடுக்க யாரு?

இஞ்ஞாசியார்னு எங்க சேசு சபையை ஆரம்பிச்சவர். 1521-ல பாம்ப்லோனாவுல குண்டடிபட்டுப் படுத்த படுக்கையா இருந்தப்போ தன் மனசுல வந்து போற எண்ணங்களையே கவனிச்சுப் பார்த்தவர். அவர் சொல்றார், சோதிக்கிறவன் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு, "யார்கிட்டயும் சொல்லாதே." ஒரு நல்ல ஆள்கிட்ட வெளிப்படையா சொல்லிட்டா அவன் பாச்சா பலிக்காது. எங்களுக்கு அதுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்றது. சாமியார் என்ன ஆனாலும் வெளியில சொல்லக் கூடாது.

காவேரிப்பட்டணம்_சிஸ்டர்

எங்களுக்கு யாக்கோபு 5:16 இருக்குங்க ஐயா, "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு." ஆனா யார்கிட்ட? ஞாயித்துக்கிழமை ஒருத்தர்கிட்ட சொன்னா புதன்கிழமை அது ஜெபக்குறிப்பா வந்து நிக்கும். பாதிப் பேர் வாயைத் திறக்காததுக்குக் காரணம் கூச்சம் இல்ல, அனுபவம்.

ஸ்டோர்_கீப்பர்

அப்ப கூடுகையில முதல் பாடம் பசங்களுக்கு இல்ல. கேட்கிற இடத்துல உட்கார்றவங்களுக்கு.

பாகலூர்_ரோடு

எல்லாருக்கும் நன்றி. இங்க வந்ததை வச்சு நேத்து அந்த ரூமுக்கே போய் உட்கார்ந்து பேசினேன். செய்தி எதுவும் கொடுக்கல. அந்தத் தம்பி, அவன்கூட இருக்கிற நாலு பேர், நான். சாப்பாட்டுக்கு மெஸ்ல வாங்கின பிரியாணி.

பசங்களே பேசி முடிவு பண்ணினது இது. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவன் குளிச்சுட்டு, முந்தின ராத்திரி எடுத்து வச்ச சாப்பாட்டைச் சாப்பிட்டு, அம்மாவுக்கோ வேற யாருக்கோ ஒரு போன் பேசிட்டு, போனை ஹால்ல சார்ஜர்ல போட்டுட்டு உள் ரூம்ல படுக்கணும். அஞ்சு பேர்ல ரெண்டு ரெண்டு பேரா ஜோடி, ஒருத்தன் என்கூட. "இன்னிக்கு முடியல"ன்னு ஒரு வார்த்தை அனுப்பினா போதும், மத்தவன் டீ பிரேக்ல கூப்பிடணும். கூப்பிட்டு உபதேசம் பண்ணக் கூடாது, இது அந்தத் தம்பி போட்ட கண்டிஷன். யாரும் யாரைப் பத்தியும் வெளியில பேசக் கூடாது, பாஸ்டர்கிட்டகூட, அந்த ஆள் சரின்னு சொன்னா தவிர. இதைப் பாஸ்டர்கிட்டயே சொல்லிட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அது நல்லதுதான்ப்பா"ன்னார்.

1 கொரிந்தியர் 10:13-ல "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்"னு இருக்கே, அதை அவங்க ரூம் வரைபடத்தைப் போட்டே பேசலாம்னு இருக்கேன். மத்தேயு 12-ல கூட்டிப் பெருக்கி வச்ச காலி வீட்டுக்கு, வெளியே போன ஆவி வேற ஏழு ஆவியோட திரும்பி வர்ற பகுதியும் இருக்கு. போனை எடுத்துட்டா அந்த நேரத்துல என்ன வைக்கிறதுன்னு இன்னும் பேசி முடியல. ஒருத்தன் கிட்டார் கத்துக்கணும்ங்கிறான். கீழ் வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்களோ.

சிஸ்டர், கூடுகையில பையன்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒரே செய்திதான். ஸ்டோர் கீப்பர் ஐயா, எடைமேடைக் கதையை நேர்ல வந்து சொல்ல முடியுமா?

ஸ்டோர்_கீப்பர்

ஞாயிறு லீவு இருந்தா வர்றேன். கம்பெனி பேர் கேட்கக் கூடாது.

சும்மா_வந்தேன்

எல்லாம் சரி, போனை ஹால்ல போட்டுட்டா அலாரம்? செகண்ட் ஷிஃப்டுக்கு எவன் எழுப்புவான்?

பாகலூர்_ரோடு

அதே கேள்வியில நேத்து அரை மணி நேரம் போச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மணியடிக்கிற அலாரம் கடிகாரம் வாங்கியாச்சு. ஓடுற சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்குதாம், புகார் வந்துடுச்சு.